பழைய உத்தரம் பர்மா தேக்குதானா? மதிப்பிட உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மகளின் திருமணத்துக்குக் கட்டில் செய்வதற்காக, காரைக்குடியில் பிரித்த பழைய வீடொன்றின் உத்தரத்தை வாங்க எண்ணியுள்ளேன். விற்பவர் அதைப் பர்மா தேக்கு என்கிறார். கன அடிக்குக் கானா தேக்கைவிட இரு மடங்கு விலை கேட்கிறார்.

பர்மா, கேரளத்து நிலம்பூர், கானா தேக்கு எல்லாம் ஒரே இனம்தான் என்பதும், விரைந்து வளர்ந்த தோட்ட மரத்தில் வைரம் (நடுவிலுள்ள உறுதியான மரம்) குறைந்து வெளிறு (ஓரத்திலுள்ள வெளிர்நிற, உறுதி குறைந்த மரம்) மிகுந்திருக்கும் என்பதும், 2014 ஏப்ரல் முதல் மியன்மார் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியதால் பழைய மரத்துக்கு மதிப்புக் கூடியுள்ளது என்பதும் தெரியும். ஆசாரி முனையை இழைத்துக் காட்டியபோது உள்ளே பொன்னிறமாக இருந்தது; வளர்ச்சி வளையங்கள் நெருக்கமாக இருந்தன. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. ஆனால் ஒரு பக்கம் இரண்டு அங்குல அகலத்துக்கு வெளிறு ஓடுகிறது. ஆணித் துளைகளைச் சுற்றிக் கறுத்திருக்கிறது.

வளைய நெருக்கத்தைக் கொண்டு மட்டும் பிறப்பிடத்தை உறுதிசெய்ய முடியுமா? வெளிறையும் துளைப் பகுதியையும் கழித்துத்தான் கன அடி கணக்கிட வேண்டுமா, அல்லது முழுவதையும் அளந்துவிட்டு விலையைக் குறைத்துக் கேட்பது வழக்கமா? ஆய்வகத்தில் இனத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு வேண்டியது தரம் பற்றிய தீர்ப்பு. மரக்கடையிலும் தச்சு வேலையிலும் பழகியவர்கள், முன்பணம் கொடுக்குமுன் நான் பார்க்க வேண்டியவற்றைத் தயவுசெய்து எழுதுங்கள்.