சீன அலங்கார முடிச்சு வலைக்கயிற்றில் நிற்குமா? அதன் பொருள் என்ன?

பாம்பன்கரை: வணக்கம். வாசலில் தொங்கவிடும் சிவப்புச் சீன முடிச்சைச் சிப்பி கோத்துச் செய்து, ராமேஸ்வரம் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் மகளிர் குழுவில் யோசிக்கிறோம். கைவசம் இருப்பது வலை பின்னும் பச்சை நூலும் 2 மில்லி முறுக்கு நைலானும்தான். இரட்டை நாணய முடிச்சு போட்டால் மறுநாளே தளர்ந்துவிடுகிறது. வாங்குகிறவர்களுக்கு அர்த்தமும் சொல்ல வேண்டும். ஐயாயிரம் வருஷத்துக் கலை என்று அட்டையில் போடலாமா?

நூல்கண்டு: போடாதீங்க அக்கா. ஆதியில் கயிற்றில் முடிச்சிட்டு ஆட்சி நடத்தினார்கள் என்று பழஞ்சீன நூலான யீ சிங்கின் உரைப்பகுதியில் வருவது உண்மை. ஆனால் அது கணக்குக்கான முடிச்சு, அலங்காரம் இல்லை. அலங்கார முடிச்சு இடைக்கச்சையிலும் ஜேட் என்னும் பச்சைக்கல் பதக்கத்திலும் வளர்ந்து, சிங் வம்ச காலத்தில் (1644–1911) விசிறி, சுருக்குப்பை, வாசனைப்பை என்று எல்லாவற்றிலும் ஏறியது. பிறகு மங்கிப்போனதை 1970களின் கடைசியில் தைவானில் லிடியா சென் தேடித் தொகுத்து, அடிப்படை முடிச்சுகளை வகைப்படுத்தினார். இன்று கடைகளில் பார்க்கும் சிவப்புக் குஞ்சல வடிவம் பரவியது அதற்கப்புறம்தான்.

அர்த்தத்தைச் சுருக்கமாகவே எழுதுங்கள். இரட்டை நாணயம் என்பது ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு பழங்காசு, அதனால் செல்வம். பான்சாங், தொடக்கமும் முடிவும் தெரியாத முடிச்சு. பௌத்தத்தின் எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்று. நம் சிக்குக்கோலம் போடுகிறவர்களுக்கு அதன் ஓட்டம் சட்டென்று பிடிபடும்.

நம் ராமநாதபுரம் கரையிலுள்ள பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தது மெய். அதை வைத்து இந்த முடிச்சும் நம் கரைக்கு அப்போதே வந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தொண்டி ரோப்பு: தளர்வதற்குக் காரணம் நூல்தான். பச்சை நூல் பாலிஎதிலீன். வழுக்கும், மடித்தாலும் நிமிர்ந்துகொள்ளும். முறுக்கு நைலானோ முடிச்சுக்குள்ளேயே பிரியும். பின்னல் நைலான், இல்லாவிட்டால் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் 2 மில்லி சாட்டின் கயிறு வாங்குங்கள். ஒரு இரட்டை நாணய முடிச்சுக்கு 60 செ.மீ. தாராளம்.

நடுவில் மடித்து, வளைவு மேலே இருக்கும்படி வையுங்கள். இடப்பக்கம் தொங்கும் பாதியை, அதாவது இடது காலை, கீழே கொண்டுபோய் வலப்பக்கமாகச் சுற்றி மேலேற்றி, நுனியைத் தன் இழைக்கு அடியில் விட்டு இடது கீழ்ப்புறம் எடுத்தால் ஒரு கண் விழும். வலது காலை அந்தக் கண்ணின்மேல் இடப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்த்துப் போடுங்கள். இனி அந்த வலது காலின் நுனியை இப்படி ஓட்டுங்கள்: இடது நுனிக்கு அடியில், இடது மேல் இழைக்கு மேலே, கண்ணின் மேல்விளிம்புக்கு அடியில், தன் இழைக்கு மேலே, கண்ணின் கீழ்விளிம்புக்கு அடியில். வலது கீழ்ப்புறம் வெளியே வரும். மேல், கீழ், மேல், கீழ் என்ற மாற்று ஓரிடத்தில் தப்பினாலும் இறுக்கும்போது அந்தப் பக்கம் குவிந்து, முடிச்சு உருக்குலையும்.

நுனியைப் பிடித்து இழுக்கவே கூடாது. மடிப்பிலிருந்து தொடங்கி, தளர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக நுனிவரை நகர்த்துங்கள். பின்புறம் இழைகள் குறுக்கிடும் இடங்களில் ஊசியால் ஒரு தையல் போட்டால் அசையாது.

பாம்பன்கரை: நன்றி அண்ணே. பான்சாங் போட்டால் நடுப்பகுதி தொளதொளவென்று இருக்கிறதே?

தொண்டி ரோப்பு: ஓரங்களில் நீட்டி நிற்கும் வளைவுகளை, அதாவது காதுகளை, முதலில் சுருக்கியிருப்பீர்கள். தெர்மோகோல் அட்டையில் குண்டூசி குத்திப் போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு காது வைத்த சின்னதற்கு ஒன்றரை மீட்டர் கயிறு வேண்டும். பின்னி முடித்து ஊசிகளை எடுத்ததும் எதிரெதிர்க் காதுகளை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் இழுத்து, முதலில் நடுச்சதுரத்தை நெருக்குங்கள். காதுகள் அப்போது பெரிதாக நீண்டு நிற்கும், பயப்பட வேண்டாம். அதற்கப்புறம் இழை போகும் வழியிலேயே போய் ஒவ்வொரு காதாகச் சுருக்கி, மிச்சத்தை நுனிக்குத் தள்ளுங்கள். கட்டுகிற நேரத்தில் பாதி இதற்கே போகும்.

நூல்கண்டு: உப்புக்காற்றில் பித்தளை மணி பச்சை பூக்கும், சிப்பியோ மரமணியோ கோத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கயிற்றில் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு ஈரத்தில் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தக் கண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.