இங்கிலாந்து போக முதல் கொண்டோர் சிமுலேட்டரில் கிளைடர் பழகினால் பிரயோசனம் இருக்குமா?

கஜன், வெள்ளவத்தை:
வாற கோடைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன், பக்கத்துக் கிளப்பில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பழக ஆசை. அதுவரைக்கும் லாப்டொப்பில் கிளைடர் சிமுலேட்டரான கொண்டோரைப் போட்டுப் பழகலாமா? கையில் இருப்பது சாதாரண ஜாய்ஸ்டிக் மட்டும்தான். இரத்மலானையில் செஸ்னா என்ற எஞ்சின் உள்ள சிறிய விமானம் பழகும் சினேகிதன் "அது வெறும் கேம், கெட்ட பழக்கம்தான் மிஞ்சும்" என்கிறான்.

ரவி:
சினேகிதன் சொல்வது பாதி சரி தம்பி. முதலில் ரடர் பெடல் வாங்கு, வால் சுக்கானைக் காலால் திருப்பும் மிதி அது. கிளைடருக்கு இறக்கை நீளம், ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் வலப்பக்கம் இழுபடும், அதைக் காலால்தான் சரிக்கட்ட வேண்டும், செஸ்னாவில் இது இவ்வளவு தெரியாது. கனொப்பியில், அதாவது விமானியின் கண்ணாடி மூடியில், ஒட்டியிருக்கும் நூல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே திரும்பிப் பழகு. சிமுலேட்டரே ரடரைப் பார்த்துக்கொள்ளும் ஓட்டோ ரடரைப் போட்டு ஓடினால் இதைப் பழகாமலே போய்விடுவாய்.

மேகலா:
நான் முக்கியமாகச் சொல்வது இறங்குவதைப் பற்றி. ஏ.எஸ்.கே 21 போன்ற பயிற்சிக் கிளைடர் காற்றில்லாத நாளில் 300 மீற்றர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் போகும், ஆனபடியால் இறக்கையில் இருக்கும் ஏர்பிரேக் தகட்டைத் திறந்துதான் உயரத்தைக் குறைக்க வேண்டும், கணக்குப் பிழைத்தால், எஞ்சின் இல்லாததால் திரும்ப மேலே ஏறவும் முடியாது. இந்தக் கணக்கைக் கண்ணுக்குப் பழக்க சிமுலேட்டர் நல்லது. திரையில் மீட்டர்கள் வரும் இடத்தில் ஒரு கடதாசியை ஒட்டி மறைத்துவிட்டு, ஓடுபாதை தெரியும் கோணத்தை மட்டும் வைத்து இறங்கிப் பாருங்கள். ஆனால் லாப்டொப் திரை முன்னுக்கு மட்டும்தான் காட்டும், ஓடுபாதையோ இறங்கச் சுற்றி வரும் நேரம் பக்கத்திலும் பின்னாலும் இருக்கும். தலையோடு பார்வை திரும்பும் ஹெட் டிராக்கிங்கோ, கண்ணில் மாட்டும் விஆர் கருவியோ இல்லாவிட்டால் இந்தப் பயிற்சியில் பாதி வீண்.

ஷர்மிலன்:
கிளைடரைத் தரையிலிருந்து இழுத்து மேலே ஏற்றும் வின்ச் இயந்திரத்தின் கயிறு அறுவதையும் பழகுங்கள். மூக்கைக் கீழே தள்ளு, வேகம் வரும்வரை பொறு, பிறகுதான் திரும்புவதா நேரே இறங்குவதா என்று யோசி. வரிசை கைக்கு வந்துவிடும். ஆனால் மூக்கைத் தள்ளும்போது வயிறு மேலே எழும்புவதும், தேர்மல், அதாவது மேலெழும் சூடான காற்று, சீற்றைத் தூக்குவதும் நாற்காலியில் தெரியாது. அதனால்தான் சிமுலேட்டர்காரர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் வேரியோமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், வெளியே வேறு கிளைடர் வருகிறதா என்று பார்க்க மாட்டார்கள். அங்கே பயிற்றுநரிடம் ஏச்சு வாங்குவது இதற்குத்தான். ஸ்பின்னை, அதாவது கிளைடர் சுழன்றபடி கீழே விழுவதை, திரையில் பழகி நம்பிக்கை வைக்கவும் வேண்டாம்.

கஜன், வெள்ளவத்தை:
சரி, அப்படியென்றால் பெடல்தான் முதல் செலவு. யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டுப் பார்க்கிறேன். பாவித்த பெடல் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.