2008 சரிவு: வேலியைப் பிடுங்கியதா, காவல்காரன் தூங்கியதா?

திண்ணைவாசி:
வீட்டுக்கடன் மூழ்கி அமெரிக்க வங்கிகள் 2008-ல் கவிழ்ந்ததற்கு 1999-தான் காரணம். டெபாசிட் வாங்கும் வங்கி தனி, பங்குச் சந்தையில் விளையாடும் வங்கி தனி என்று 1933-ல் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் போட்ட வேலியை அந்த வருஷம்தான் பிடுங்கினார்கள்.

கணக்கர்:
சார், அப்போது விழுந்த லீமனும் பேர் ஸ்டேர்ன்ஸும் முதலீட்டு வங்கிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கிய வங்கிகளே இல்லை. அந்த வேலி இருந்திருந்தாலும் விழுந்திருக்கும். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2003-ல் வட்டியை 1 சதவீதத்துக்கு இறக்கி ஒரு வருஷம் அப்படியே வைத்ததே, அதைப் பேசுங்கள். பணம் அவ்வளவு மலிந்தால் வீட்டு விலை ஏறாமல் என்ன செய்யும்?

திண்ணைவாசி:
லீமனை விடுங்கள், காப்பீட்டுக் கம்பெனி ஏஐஜி? கடன் மூழ்கினால் நான் தருகிறேன் என்று ஊரெல்லாம் எழுதிக் கொடுத்தது. காப்பீடு என்று பெயர் வைத்தால் கையிருப்பு காட்டணும். ஸ்வாப், அதாவது வெறும் சந்தை ஒப்பந்தம் என்று பெயர் வைத்தால் கேள்வி இல்லை. 2000-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். 1998-லேயே எச்சரித்த முன்பேரச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத் தலைவர் புரூக்ஸ்லி போர்னை, ஃபெடரல் ரிசர்வ் தலைவர் கிரீன்ஸ்பான், நிதியமைச்சர் ரூபின் எல்லாம் எதிர்த்து முடக்கினார்கள். கடைசியில் ஏஐஜிக்கு அரசுத் தரப்பு அறிவித்த முதல் கடனே 8,500 கோடி டாலர்.

இராக்கோழி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். 2006-ல் சென்னையில் ஒரு பிபிஓவில் அமெரிக்க வீட்டுக்கடன் ஃபைல் பார்த்தவன் நான். வருமானக் கட்டத்தில் எண் இருக்கும், சம்பளச் சீட்டு இருக்காது. ‘ஸ்டேட்டட் இன்கம்’, அதாவது வாயால் சொன்னதே கணக்கு. ஒரு ஃபைலில் பழைய எண்ணை அடித்து, பக்கத்திலேயே வேறு பேனாவில் பெரிய எண் எழுதியிருந்தது. டீம் லீடரிடம் காட்டினேன். “கட்டம் காலியா இருந்தா மட்டும் கேளு தம்பி” என்றார். கடனைப் பிடித்துக் கொடுத்த புரோக்கருக்குக் கமிஷன் அன்றைக்கே வந்துவிடும். அந்தக் கடன்களை வாங்கி மூட்டை கட்டி முதலீட்டாளர்களுக்கு விற்றவன்தான், ரொம்பப் பாதுகாப்பானது என்கிற ஏஏஏ முத்திரை குத்துகிற ரேட்டிங் கம்பெனிக்கும் கூலி கொடுப்பான்!

கணக்கர்:
தம்பி, அது மோசடி. மோசடியைத் தண்டிக்கிற சட்டத்தை யாரும் நீக்கவில்லையே. வீட்டுக்கடன் மோசடி பெருகுவதாக எஃப்பிஐ 2004-லேயே சொன்னது.

திண்ணைவாசி:
நானும் அதைத்தான் கேட்கிறேன். முறைகேடான வீட்டுக்கடனைத் தடுக்க 1994-லேயே ஃபெடரல் ரிசர்வுக்கு நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்தது. கிரீன்ஸ்பான் அதை முழுசாகக் கையில் எடுக்கவே இல்லை. வருமானத்தைச் சரிபார்க்கச் சொல்லும் விதி வந்தது 2008 ஜூலையில். வீடு எரிந்தபிறகு தண்ணீர் லாரி! விதியைக் கிழித்துப் போடுவதும் பூட்டி வைப்பதும் எனக்கு ஒன்றுதான்.

கணக்கர்:
1994 விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். வட்டியில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

இராக்கோழி:
அந்த ஃபைல் என்ன ஆச்சு என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லையே. பாஸ் ஆச்சு. ஓகே போட்டது நான்தான்.