ஏப்ரல் வெயிலில் கிரீனைக் காப்பதா, ஃபேர்வேயைக் காப்பதா?

பல்லடம் புல்காரன்:
பல்லடம் பக்கம் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பந்தைக் குழிக்குள் தள்ளும் கிரீனில் டிஃப்ட்வார்ஃப் என்ற குட்டை அருகு, அதுவரை பந்தை அடித்துக்கொண்டு போகும் ஃபேர்வேயில் நாட்டு அருகு. இரண்டு போர்வெல்லில் ஒன்று காற்றுதான் விடுகிறது, இன்னொன்றில் உப்புத் தண்ணீர். மீதிக்கு டேங்கர் லாரி. கமிட்டியோ, ‘எல்லா இடத்துக்கும் தினமும் கொஞ்சமாவது விடுங்க, பச்சை தெரியணும்’ என்கிறது. தினமும் விட்டும் கிரீனில் தட்டு அளவுக்குத் திட்டுத் திட்டாகக் காய்கிறது. ஊற்றினால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. பூஞ்சையா? மருந்து அடிக்கலாமா?

பாலைவனப் பச்சை:
பூஞ்சை மாதிரித் தெரியவில்லை தம்பி, மருந்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். குழிவெட்டியால் காய்ந்த திட்டில் ஒரு மண் உருளை எடுங்கள். நிழலில் உலர்த்தி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வையுங்கள். மேல் இரண்டு அங்குலத்தில் சொட்டு அப்படியே நின்று, கீழே சட்டென்று இறங்கினால் கிரீனின் அடிமணலே தண்ணீரைத் தள்ளுகிறது. மக்கிய வேரிலிருந்து வரும் மெழுகுப் பசை மணல்மணியைப் பூசிவிடும். அப்புறம் ஸ்பிரிங்ளர் எவ்வளவு ஓடினாலும் வீண்தான். ஃபோர்க்கால் நெருக்கமாகக் குத்தி, தண்ணீரை மண்ணில் இறங்க வைக்கும் வெட்டிங் ஏஜென்ட் கலந்து, அந்தத் திட்டுக்கு மட்டும் ஹோஸ் பிடியுங்கள்.

கமிட்டிக்கு ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். கிரீன் மொத்தம் 4,000 சதுர மீட்டர் என்று வைத்தால், நாளுக்கு 5 மி.மீ. விட 20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இரண்டு போதும். ஃபேர்வே 5 ஹெக்டேர் என்றால் 2,50,000 லிட்டர், 21 லாரி! அருகு சாகாது. காய்ந்தாலும் தண்டு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், ஒரு கோடை மழைக்குத் துளிர்க்கும். அதைக் கொல்வதுதான் கஷ்டம், விவசாயியைக் கேளுங்கள். காய்ந்த ஃபேர்வேயில் வண்டி மட்டும் ஏறக்கூடாது.

ஞாயிறு ஆட்டக்காரர்:
2006 பிரிட்டிஷ் ஓப்பன் நடந்த இங்கிலாந்தின் ஹாய்லேக் மைதானத்தில் ஃபேர்வே முழுக்க வைக்கோல் நிறம்தான். பந்து அத்தனை தூரம் உருண்டதால் டைகர் வுட்ஸ் நாலு நாளும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான் டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையை எடுத்தார், ஜெயித்தார். நம் நாட்டிலேயே கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணலில் ‘பிரவுன்’ போட்டு ஆடிய மைதானங்கள் இருந்தன. இப்போது மட்டும் பச்சை இல்லாவிட்டால் மெம்பர்களுக்குத் தூக்கம் வராதாம்.

பல்லடம் புல்காரன்:
நன்றிங்க அண்ணா. உப்புத் தண்ணீரை என்ன செய்வது?

பாலைவனப் பச்சை:
தினமும் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் அதில் எமன். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேலேயே தங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியும் முன், வேர் வரை இறங்க விடுங்கள். அவ்வப்போது வடிகால் குழாயில் வழியும்வரை லாரித் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். சோடியம் அதிகம் என்றால் ஜிப்சம். நான் வேலை பார்க்கும் வளைகுடாவில் பாஸ்பலம் புல், சுத்திகரித்த கழிவுநீர். உப்பைத் தாங்கும் அந்தப் புல்லுக்கே கழுவல் தேவைப்படுகிறது.

வெட்டும் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் ஏற்றுங்கள். பந்து ஓடவில்லை என்று புகார் வந்தால், ஒரு நாள் வெட்டாமல் ரோலர் ஓட்டுங்கள்.

பல்லடம் புல்காரன்:
சொட்டு வைத்துப் பார்த்தேன், மேல் இரண்டு அங்குலம் இறங்கவே இல்லை. லாரிக் கணக்குக்குக் கமிட்டி மடங்கிவிட்டது. ஒருவர் மட்டும், ஒன்பதாவது ஃபேர்வே கிளப் மாடியிலிருந்து தெரியுதே என்கிறார்.

பாலைவனப் பச்சை:
மாடிக்குத் தெரிகிற ஐம்பது அடிக்கு மட்டும் விட்டுவிடுங்கள் தம்பி.