பாட்டி பெயரை மகளுக்கு வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகள் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது, பெயர் இன்னும் முடிவாகவில்லை. பெயரில்லாமல்தான் பிறப்பைப் பதிவு செய்திருக்கிறோம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் அந்த அவசரம் இல்லை.

என் பாட்டி சரோஜா, அம்மா கீதா, நான் திவ்யா. பெயரைக் கேட்டாலே எந்தக் காலத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும். என் வகுப்பில் மட்டும் மூன்று திவ்யாக்கள்! இப்போது திரும்பிய பக்கமெல்லாம் யாழினி, இனியா, நிலா.

யாழினி அழகான பெயர்தான். ஆனால் இந்தியில் ழ கிடையாதே. இங்கே பள்ளியில் யாலினி ஆகிவிடும். ஆங்கிலத்தில் இசட், எச் போட்டால் யாஜினி என்று வாசிப்பார்கள். எனக்கு சரோஜா என்றே வைக்க ஆசை. என்னை வளர்த்தவர் அவர். அத்தையோ, "பழைய பெயர், பிள்ளை பின்னால் வருத்தப்படும்" என்கிறார். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

பாட்டி பெயர் வைத்தவர்கள், வளர்ந்த பிள்ளைகள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அப்புறம், ழ உள்ள பெயர் வைத்தவர்கள் ஆதாரில் எப்படி எழுதினீர்கள்?