மார்க்கெட் ஹார்பரோ பழைய பள்ளிக் கட்டடம்: படங்களும் தகவலும் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலுள்ள மார்க்கெட் ஹார்பரோ என்னும் சந்தை நகரின் மையப்பகுதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

அதில் பெரும்பகுதி, ராபர்ட் ஸ்மித் என்பவரின் கொடையால் 1614இல் எழுந்த பழைய கிராமர் பள்ளியை (லத்தீன் இலக்கணத்தை முதன்மையாகக் கற்பித்த அக்காலப் பள்ளி வகை) பற்றியது. தடித்த மரத்தூண்களின்மேல் வகுப்பறை நிற்க, கீழ்த்தளம் திறந்தே கிடக்கிறது. வெண்ணெய் விற்க வந்தவர்கள் மழையில் நனையாமல் கடை விரிக்கவே அப்படிக் கட்டினார்கள். படிப்புக்கும் வியாபாரத்துக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் ஒதுக்கிய இந்த ஏற்பாடு, பக்கத்தில் ஓங்கி நிற்கும் புனித டயோனிசியஸ் தேவாலயத்தின் கூர்ங்கோபுரத்தைவிட என்னை அதிகம் ஈர்க்கிறது (கோபுர ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்).

அந்தப் பக்கம் வசிப்பவர்களோ அண்மையில் சென்று வந்தவர்களோ இருந்தால், பள்ளிக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் பொறித்துள்ள விவிலிய வாசகங்களை, எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி, அருகிலிருந்து எடுத்த படங்களை அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேல்தள அறையைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் நாள்கள் எவை என்பதையும் தெரிவித்தால் நல்லது. அருகிலுள்ள சிமிங்டன் கோர்செட் (பெண்கள் இடுப்பை இறுக்கி அணியும் உள்ளாடை) ஆலைக் கட்டடத்தில் இப்போது உள்ளாட்சி மன்ற அலுவலகமும் அருங்காட்சியகமும் இயங்குகின்றன. அங்கே உள்ளே படமெடுக்க முன்அனுமதி வேண்டுமா? படங்களை எடுத்தவர் பெயருடனேயே வெளியிடுவேன்.