சிறிய பிக்கப் வண்டிக்கு ஏற்ற குதிரை டிரெய்லர் எது?

கேள்வி: மண்ணியாற்றங்கரை, திருப்பனந்தாள் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஏழு வயது மார்வாரிப் பெண்குதிரை ஒன்றும், எல்கைப் பந்தயத்தில் சிறிய குதிரைப் பிரிவில் ஓடும் மட்டக்குதிரை ஒன்றும் இருக்கின்றன. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர், ஆடியில் அந்தியூர்ச் சந்தை, நோய் வந்தால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி என்று ஆண்டுக்கு ஐந்தாறு முறை குதிரையை வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இதுவரை வாடகைச் சரக்கு வண்டியில்தான் ஏற்றி வந்தோம்.

சென்ற புரட்டாசியில் ஒரு நாள் நள்ளிரவில் பெண்குதிரைக்குச் சூலை கண்டது. வண்டி கிடைக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாய்தளம் இல்லாததால், வண்டியை வாய்க்கால் கரைக்குக் கீழே பின்புறமாக நிறுத்திக் கரையிலிருந்து ஏற்றினோம். இரும்புத் தரையில் கால் வழுக்கி அது முட்டி போட்டு விழுந்தது. முழங்கால் தோல் கிழிந்து எலும்பு தெரிய, வலியோடு வலியாக அது நின்றதை நான் மறக்க மாட்டேன். பிழைத்துக்கொண்டது. ஆனால் இனி இப்படி ஏற்றுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என்னிடம் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் உள்ள, இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப் இருக்கிறது. பின்தொட்டி குட்டையானது, அதில் குதிரை நிற்க முடியாது. அரிசி ஆலை எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபோது, நானும் முழு டீசலும் சேர்த்து 1,800 கிலோ காட்டியது. அருகிலுள்ள பட்டறையில் டிராக்டர் டிரெய்லர் அடிச்சட்டத்தின் மேல் இரண்டு குதிரைக்கான கூண்டு கட்டித் தருவதாகவும், வெற்று எடை 1,300 கிலோ வரும் என்றும், இந்த வண்டி தாராளமாக இழுத்துவிடும் என்றும் சொல்கிறார்கள். அதை நம்பலாமா? ஒற்றைக் குதிரை டிரெய்லர் போதுமா, இரட்டையே வாங்கிவிடலாமா? பெண்குதிரையின் மார்புச் சுற்று 168 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் 155 செ.மீ.; மட்டக்குதிரைக்கு முறையே 140, 130 செ.மீ.

மறுமொழி 1: திருவையாற்றுக்காரர்

ஐயா, துபாயில் ஒரு குதிரை லாயத்தில் பதினோரு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தேன். குதிரை டிரெய்லர் இழுப்பதுதான் அங்கே என் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அந்தப் பட்டறை வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இழுக்குமா என்று கேட்டால் இழுக்கும். நம்முடையது சமவெளி, ஆற்றுப் பாலங்களும் மேம்பாலங்களும் தவிர ஏற்றமே கிடையாது. ஆனால் டிரெய்லரைப் பொறுத்தவரை கேட்க வேண்டியவை வேறு: அவசரத்தில் நிறுத்த முடியுமா, பின்னால் இருப்பது ஆடத் தொடங்கினால் முன்னால் இருப்பது அதை அடக்குமா? இவற்றை எஞ்சினின் வலிமை தீர்மானிப்பதில்லை. இரண்டு வண்டிகளின் எடைக்கும் இடையிலுள்ள விகிதமும், டிரெய்லரில் உள்ள பிரேக்கும், கொக்கியின் மேல் விழும் பாரமும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். மார்புச் சுற்றைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். உங்கள் பெண்குதிரை 368 கிலோ, மட்டக்குதிரை 214 கிலோ. இரண்டும் சேர்ந்து 582. தீவனம், தண்ணீர், சேணச் சாமான்களுக்கு 60 கிலோ வைத்தால், பட்டறை சொல்லும் டிரெய்லர் 1,942 கிலோ ஆகிவிடும். உங்கள் வண்டியே 1,800 கிலோதான். தன்னைவிடக் கனமான ஒன்றை, அதுவும் உயரத்தில் நின்றுகொண்டு கால் மாற்றி மாற்றி அசையும் உயிரை ஏற்றிய ஒன்றை, இழுத்துக்கொண்டு கும்பகோணம் சாலையில் பேருந்துகளுக்கு நடுவே போக வேண்டும். பிரிட்டனில் கேரவன் இழுக்கப் பழகாதவர்களுக்கு, இழுக்கும் வண்டியின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் போக வேண்டாம் என்று அறிவுரை சொல்வார்கள். உங்களுக்கு அது 1,530 கிலோ. குதிரைக்கு நான் இன்னும் குறைவாகவே வைத்துக்கொள்வேன். ஐரோப்பிய முறையில் இலகுவாகச் செய்த இரட்டை டிரெய்லர்கூட வெறுமையாக 1,000 கிலோ அளவில் வரும். இரண்டு குதிரையும் ஏறினால் 1,642 கிலோ. வெற்று எடை 650 கிலோ உள்ள ஒற்றை டிரெய்லர் என்றால், பெண்குதிரையும் 40 கிலோ சாமானும் சேர்த்து 1,058 கிலோதான். உங்கள் வண்டியின் எடையில் அறுபது விழுக்காட்டுக்கும் குறைவு.

அடுத்தது முன்பாரம். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரமாகிவிட்டால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு நடக்காது. டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். ஏற்றிய மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை கொக்கியின் மேல் விழ வேண்டும் என்பது அமெரிக்கப் பழக்கம். அதற்குக் குறைந்தால் வேகமெடுக்கும்போது டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். கூடினால் பிக்கப்பின் பின்புறம் அமிழ்ந்து, முன்சக்கரங்களில் பிடிப்புக் குறைந்து, ஸ்டியரிங் இலேசாகிவிடும். இரவில் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மேற்சொன்ன ஒற்றை டிரெய்லருக்கு முன்பாரம் 106 முதல் 159 கிலோ வரை இருக்கும். இந்தச் சுமை பிக்கப்பின் ஏற்றுசுமைக் கணக்கில் சேரும் என்பதையும், அது பின் அச்சுக்கும் பின்னால் விழுவதால் அச்சு உணரும் பாரம் அதைவிடக் கூடுதல் என்பதையும் மறக்க வேண்டாம். உடன் வரும் ஆட்கள், வைக்கோல் கட்டு எல்லாம் சேர்த்துப் பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடைக்குள் அடங்குகிறதா என்று அதே எடைமேடையில் பார்த்துவிடுங்கள். இழுவை எடை பற்றி வண்டியின் கையேட்டில் ஒன்றும் இல்லையென்றால், விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிரேக் இல்லாத டிரெய்லரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம். ஐரோப்பாவில் பிரேக் இல்லாமல் 750 கிலோவுக்கு மேல் இழுக்க அனுமதியில்லை; குதிரை ஏறினால் எந்த டிரெய்லரும் அந்த அளவைத் தாண்டும். உங்களுக்கு உந்து பிரேக் பொருந்தும். பிக்கப் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலே இணைப்புத் தண்டை உள்ளே நகர்த்தி டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். பிக்கப்பின் பிரேக்கில் கை வைக்க வேண்டியதில்லை, தனி மின்கருவியும் வேண்டாம்.

மறுமொழி 2: மன்னார்குடி, குதிரை வளர்ப்பவர்

மேலே சொன்னது அத்தனையும் உண்மை என்பதற்கு நானே சாட்சி. பட்டறையில் கட்டிய இரட்டை டிரெய்லரை, பிரேக் இல்லாமல், இதே அளவுள்ள பிக்கப்பில் மாட்டி ஓட்டியவன் நான். ஒரு மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் சென்ற இருசக்கர வண்டி திடீரென்று திரும்பியது. நான் பிரேக் பிடித்தேன். பின்னால் இருந்த பாரம் தள்ளியதில் பிக்கப்பும் டிரெய்லரும் கத்திரிக்கோல் போல மடங்கிச் சுவரில் சாய்ந்தன. மனிதர் எவருக்கும் அடியில்லை. குதிரையின் இடுப்பில் அடிபட்டு, அது ஓராண்டு பந்தயத்தில் ஓடவில்லை. இன்னும் அது எந்த வண்டியைப் பார்த்தாலும் உடல் நடுங்குகிறது. தயவுசெய்து ஒற்றையே வாங்குங்கள். மட்டக்குதிரைக்கு இன்னொரு நடை போய் வாருங்கள்.

மறுமொழி 3: கால்நடை மருத்துவர், திருவாரூர்

எடையைப் பற்றி நண்பர்கள் எழுதிவிட்டார்கள். உள்ளே நிற்கும் குதிரையின் பக்கமிருந்து சில சொல்கிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125இ என்ற விதி 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கால்நடை ஏற்றும் வண்டியில் குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் தடுப்பறை வேண்டும் என்பது அதன் கணக்கு. 2.5 மீட்டர் நீளமும் 90 செ.மீ. அகலமும் இருந்தால் விதி நிறைவேறிவிடும். ஆனால் வண்டி திரும்பும்போது குதிரை காலை அகட்டி வைத்துத்தான் சமநிலை காக்கிறது. எனவே அகலத்தை 110 செ.மீ.க்குக் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இடம் இறுகினால் குதிரை சுவரில் ஏறப் பார்க்கும். அதை முரட்டுத்தனம் என்று எண்ணி அடிப்பவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். 1978 ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் வழுக்காத தரையையும் உடன் ஓர் உதவியாளரையும் வற்புறுத்துவதோடு, சாலையில் குதிரை ஏற்றிய வண்டியின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆகவே அந்தியூர்ப் பயணத்தை நீண்ட பயணமாகவே திட்டமிடுங்கள். மருத்துவச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

நம் பகுதியில் வெப்பம்தான் முதல் எதிரி. ஒற்றைத் தகரக் கூரை வேண்டாம். இடையில் காற்று இருக்கும்படி இரட்டைக் கூரையாக, மேலே வெள்ளை பூசியதாக இருக்கட்டும். முன்புறமும் பக்கங்களிலும் திறக்கும் காற்றுவழிகள் வேண்டும். தலையை உயர்த்திக் கட்டிவைத்தால் குதிரையால் சளியையும் தூசியையும் கீழே வடிக்க முடியாது. நீண்ட பயணத்துக்குப் பின் வரும் நுரையீரல் அழற்சிக்கு இது ஒரு முக்கியக் காரணம். தலை தாழ்த்த இடம் கொடுத்துக் கட்டுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

சூலை கண்ட இரவில்தான் முதன்முதலாக ஏற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். டிரெய்லர் வந்ததும் பிக்கப்போடு இணைத்து வீட்டு வாசலில் நிறுத்தி, சில நாட்கள் தீவனத்தை அதற்குள்ளேயே வையுங்கள். கீழே விழுந்து அடிபட்ட உங்கள் பெண்குதிரைக்கு இது மிகவும் தேவை.

மறுமொழி 4: பட்டுக்கோட்டை, பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர்

எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களே தவறாகச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். டிராக்டர் டிரெய்லரின் கொக்கி, வளையத்தில் முளையை இறக்கும் வகை. அதில் இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு முறையும் இழுத்து உதைக்கும். நெல் மூட்டைக்கு அது தெரியாது, குதிரையின் முழங்காலுக்குத் தெரியும். 50 மி.மீ. பந்து இணைப்பு வையுங்கள். அதை பம்பரில் அல்ல, அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இணைக்க வேண்டும். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள்; இணைப்பு அறுந்தால் பிரேக்கைத் தானே இழுத்துப் பிடிக்கும் கம்பியும் இருக்கட்டும்.

தரையில் எண்ணெய் ஊட்டிய கெட்டிப் பலகையும் அதன்மேல் ரப்பர் பாயும் போடுங்கள். குதிரையின் மூத்திரம் பலகையை அடியிலிருந்து அரிக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே பாயைத் தூக்கிக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை கூரிய கம்பியால் அடியில் குத்திப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போய்வந்தால் உப்புக்காற்றுக்கு நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் அலசிவிடுங்கள். சாய்தளத்தில் தென்னங்கயிற்றுப் பாய் அடித்தால் ஈரத்திலும் குளம்பு வழுக்காது; எங்கள் ஊரில் கிடைக்காத பொருளா அது?

ஒன்று முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் அடக்குகிறது. எனவே அதற்கும் பதிவு வேண்டும், காப்பீட்டிலும் சேர்க்க வேண்டும். பதிவு பெறத்தக்க வரைபடம்தானா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

ஒவ்வொருவருக்கும் நன்றி. பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரட்டை இல்லை என்பது முடிவாகிவிட்டது. ஆனால் ஒற்றை டிரெய்லர் குறுகலாக, உயரமாக இருக்கிறதே. எங்கள் ஊர்ச் சாலை நடுவில் மேடாகி இருபுறமும் வயலை நோக்கிச் சரிகிறது. கவிழாதா?

மறுமொழி 5: திருவையாற்றுக்காரர்

சரியான அச்சம் ஐயா. குறுகிய ஒற்றை டிரெய்லர்கள் வளைவில் எளிதில் சாயக்கூடியவைதான். குதிரையின் பாரம் முழுவதும் மேலே இருக்கிறது, சக்கரங்களோ நெருக்கமாக இருக்கின்றன. அதனால்தான் ஐரோப்பாவில் ஒன்றரைக் குதிரை அளவு என்று ஒன்று செய்கிறார்கள். தாயும் குட்டியும் நிற்கலாம், பெரிய குதிரை தனியாகத் தாராளமாக நிற்கலாம். வெற்று எடை 800 கிலோ என்று வைத்தாலும் உங்கள் பெண்குதிரையுடன் 1,208 கிலோ, அதாவது உங்கள் வண்டியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் வாங்குவேன். ஒற்றையே கிடைத்தால், சக்கரங்கள் கூண்டுக்கு வெளியே, பிக்கப்பின் சக்கர அகலத்துக்கு இணையாக அமைந்ததாகப் பாருங்கள்.

ஒன்றரை அளவில் ஒரே குதிரையை ஏற்றும்போது நடுத்தடுப்பை இடப்பக்கம் ஒதுக்கி, குதிரையை வலப்பக்கம், அதாவது சாலை நடுவை ஒட்டிய பக்கம், நிறுத்துங்கள். நாம் இடப்புறம் ஓட்டுவதால் சரிவு எப்போதும் இடப்பக்கமே இருக்கும். பாரம் மேட்டுப் பக்கம் இருந்தால் வண்டி நேராக நிற்கும். எப்போதாவது டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்; தானே அடங்கும். முதல் இரண்டு வாரம் குதிரை இல்லாமல், மணல் மூட்டை ஏற்றி, அறுவடை முடிந்த களத்தில் பின்னோக்கி எடுக்கப் பழகுங்கள். வாய்க்கால் கரைச் சாலையில் எதிரே நெல் லாரி வந்தால் உங்களுக்கு அதுதான் தேவைப்படும்.